ஊட்டியை நடந்து பார்க்கவும் பக்கத்து ஊர்களுக்கு ஒரு நாள் போய்வரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஊட்டி காந்தலில் பிறந்து வளர்ந்தவன். ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் வழிகாட்டியாக இருக்கிறேன். வருவதற்கு முன் போனில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒருவருக்கு விளக்கமாகச் சொன்னது இன்னொருவருக்கு அவசரத்தில் விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஊட்டிக்கு நாலைந்து தடவை வந்தாச்சு. வழிகாட்டியோடு வந்தால் புதிதாக என்ன கிடைக்கும்?

நீங்கள் வந்தபோது காலையில் ஒரு வண்டி வந்திருக்கும். ஓட்டுநர் ஆறு பாயிண்ட், எட்டு பாயிண்ட் என்று கணக்குச் சொல்லியிருப்பார். பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம், ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா என்று ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, அடுத்ததற்குப் போகும் வழியில் போக்குவரத்து நெரிசலில் நின்றிருப்பீர்கள். அந்த இடங்கள் எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரு பாயிண்டுக்கும் இன்னொரு பாயிண்டுக்கும் நடுவில்தான் ஊர் இருக்கிறது.

1848-இல் தொடங்கிய பொட்டானிக்கல் கார்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். புல்தரையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அதே கார்டனுக்கு மேலே, கொஞ்ச நேர ஏற்றத்தில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் மஞ்சக்கல் மந்து என்ற குடியிருப்பு இருக்கிறது. கார்டன் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மேட்டில் எருமை மேய்த்தவர்கள் அவர்கள். இந்த இரண்டையும் ஒரே காலையில் சேர்த்துப் பார்த்தால் ஊட்டியின் கதை பாதி புரிந்துவிடும்.

நகருக்குள் நடப்பது என்றால் எங்கே ஆரம்பிப்பீர்கள்?

மேட்டில் ஆரம்பித்து பள்ளத்தில் முடிப்பேன். முழங்காலுக்கும் நல்லது, வரலாறும் அந்த வரிசையில்தான் இறங்கி வருகிறது.

காலை ஏழு மணிக்குச் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலய வாசலில் சந்திப்போம். 1829-இல் அடிக்கல் போட்டு 1831 ஈஸ்டருக்குத் திறந்த கோவில் இது. உள்ளே போனதும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கூரையைத் தாங்கும் பெரிய மர உத்தரம், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தது. சாலையே சரியாக இல்லாத காலத்தில் அதை மலையேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பின்புறக் கல்லறைத் தோட்டத்தில் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து இந்த ஊரை உருவாக்கியவர் சல்லிவன். ஏரியை வெட்டியவரும் அவரே. அந்தக் கல்லறைகளுக்கு முன்னால் நிற்கும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை.

அங்கிருந்து நீலகிரி நூலகம், நீதிமன்றப் பக்கம், பிறகு அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஸ்டோன் ஹவுஸ். 1822-இல் சல்லிவன் கட்டத் தொடங்கிய வீடு அது, ஊட்டியில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. கல் பங்களா என்று பெயர். அப்புறம் இறக்கம்தான். சேரிங்கிராஸ், கமர்ஷியல் ரோடு, மார்க்கெட், மெயின் பஜார்.

மேலே துரைமார் வீடுகள், கீழே கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் இருந்த தெருக்கள். இறங்க இறங்க வீடுகள் நெருங்குவதையும் கூரைகள் தாழ்வதையும் கண்ணாலேயே பார்க்கலாம். பேருந்து நிலையமும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற தட்டையான நிலம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. அது தெரிந்தால் பெருமழையில் அந்தப் பக்கம் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மார்க்கெட்டில்தான் நேரம் போவதே தெரியாது. கேரட், பீட்ரூட், டர்னிப், முட்டைகோஸ், நூல்கோல். இவற்றை இன்றைக்கும் இங்கே இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்வோம். கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கேரட், கழுவிய ஈரம் காயாமல் மூட்டையிலிருந்து கொட்டும். ஒன்றை வாங்கிக் கடித்துப் பாருங்கள். மார்க்கெட் பக்கத்திலேயே மாரியம்மன் கோவில். ஏப்ரலில் தேர்த்திருவிழா நடக்கும்போது ஊரில் இருக்கிற ஒவ்வொரு சமூகத்தாரும் ஆளுக்கொரு நாள் உபயம் எடுத்துச் செய்வார்கள். அந்த நாட்களில் வந்தால் மற்ற திட்டங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மாலையில் கடைவீதியில் நில்லுங்கள். இந்த ஊருக்கு யார் யார் பிழைக்க வந்தார்கள் என்பது தெருவில் நடந்து போகும்.

எவ்வளவு நேரம்? அம்மாவுக்கு 70 வயது, நடக்க முடியுமா?

நின்று நிதானமாக நடந்தால் மூன்றரை மணி நேரம். பெரியவர்களுக்குத் தேவாலயத்தையும் கல் பங்களாவையும் வண்டியில் பார்த்துவிட்டு, சேரிங்கிராஸில் இறங்கி மார்க்கெட் வரை மட்டும் நடக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்த அன்றே ஏற்றம் ஏறினால் இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்கள் விசித்திரமாக இருக்கின்றனவே. தமிழ் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் அங்கே யார் குடியிருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

மந்து என்று முடிந்தால் தோடர் குடியிருப்பு. ஊட்டியின் முழுப் பெயரான உதகமண்டலமே ஒத்தக்கல் மந்து என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஹட்டி, அட்டி என்று முடிந்தால் படகர் ஊர்: இடுஹட்டி, தும்மனட்டி. கோக்கால் என்றால் கோத்தர்களின் ஊர், சோலூர் கோக்கால் போல. கோத்தகிரியின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். பெட்டா என்றால் மலை. தொட்டபெட்டா என்றால் பெரிய மலை, அவ்வளவுதான். 2,637 மீட்டர் உயரத்துக்கு அது பொருத்தமான பெயர்.

பெயர்களுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை ஏற்பாடு இருந்தது. தோடர் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். படகர் தானியம் விளைவித்தார்கள். கோத்தர் இரும்பு வேலை, மண்பாண்டம், இசை. குறும்பர் காட்டிலிருந்து தேன். பணம் புழங்காமலே ஒருவர் கையை ஒருவர் நம்பி மலை ஓடியது. தேயிலையும் உருளைக்கிழங்கும் சந்தையும் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. வண்டியில் போகும்போது கைகாட்டிப் பலகைகளை நான் வாய்விட்டுப் படிப்பேன். பின்சீட்டில் இருக்கும் குழந்தைகள் அரை மணி நேரத்தில் மந்து எது, ஹட்டி எது என்று அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

பின்னால் வந்தவர்களின் கதையும் உண்டு. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்காகத்தான் அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. டேன்டீ என்று பலகை பார்க்கும் இடங்களில் அவர்கள் குடும்பங்கள் மூன்றாம் தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கின்றன.

தோடர் மந்துக்குக் கூட்டிப்போவீர்களா? வீட்டைப் படம் எடுக்கலாமா?

முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சரி என்று சொன்னால் மட்டும் போவோம். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மந்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் உட்கார்ந்து பூவேலை செய்துகொண்டிருந்த பாட்டியை நாலு பேர் நாலு பக்கம் நின்று படம் எடுத்தார்கள். பாட்டி எதுவும் சொல்லவில்லை. துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் நான் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டபோது, "சொல்லிட்டு வந்திருந்தா காபி போட்டு வச்சிருப்பேனே" என்றார். அன்றிலிருந்து போன் செய்யாமல் எந்த மந்துக்கும் போவதில்லை.

போனால் என்ன பார்க்கலாம்? இன்று பெரும்பாலானவர்கள் காரை வீடுகளில்தான் இருக்கிறார்கள். அரைப் பீப்பாய் வடிவத்தில் மூங்கிலும் பிரம்பும் புல்லும் வைத்துக் கட்டிய பழைய வீடு சில மந்துகளில் மட்டும் இருக்கிறது. வாசல் தவழ்ந்து நுழைய வேண்டிய அளவு சிறியது. தலைகுந்தாவுக்கு அருகே முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோவில் உண்டு. அதன் சுற்றுக் கல்சுவருக்கு வெளியேதான் நாம் நிற்க வேண்டும்.

பூவேலையைக் கட்டாயம் பக்கத்தில் இருந்து பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல். துணியில் கோடு போடுவதில்லை, வரைபடம் கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி போகும். ஒரு இழை தப்பினால் அந்த வரிசை முழுக்கக் கோணலாகிவிடும், பிரித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு சால்வைக்குப் போகும் நாட்களை நேரில் பார்த்தால் உங்களுக்கே பேசத் தோன்றாது.

ஒரு நாள் பயணத்துக்கு எந்தப் பக்கம் போகலாம்?

எந்த மாதம் வருகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடிக்கும்: அவலாஞ்சி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் கிழக்கே கோத்தகிரி பக்கம் வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். அக்டோபர், நவம்பரில் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கும், குன்னூர் மலைப்பாதையில் மண்சரிவும் வரும். அப்போது மேற்கே போவேன்.

ஆக, ஜூலையில் வந்து அவலாஞ்சிதான் வேண்டும் என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் என்பது என் இன்னொரு பழக்கம். குன்னூரும் பைக்காராவும் ஒரே நாளில் என்றால் வண்டிச் சன்னலைத்தான் பார்ப்பீர்கள்.

குன்னூருக்கு ரயிலா, காரா?

போவதற்கு ரயில், திரும்ப வண்டி. ஊட்டியிலிருந்து லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். கேத்தி நிலையத்தில் இடதும் வலதும் காய்த் தோட்டங்கள் படிப்படியாக இறங்குவதைப் பாருங்கள்.

குன்னூரில் இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் பக்கம் போகும் தண்டவாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் இரண்டு பற்சட்டங்கள் போகும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சட்டத்தில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்க இந்த ஏற்பாடு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடங்கள் உண்டு. ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். மேட்டுப்பாளையம்–குன்னூர் 1899-இல் ஓடத் தொடங்கி, ஊட்டி வரை 1908-இல் வந்தது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிக்கு இடம் கிடைப்பது அரிது, முன்பதிவு திறந்தவுடனே போட்டால்தான் உண்டு.

அப்புறம் 1874-இல் உருவான சிம்ஸ் பூங்கா, மதியம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, கடைசியாக லேம்ப்ஸ் ராக் காட்சி முனை. டால்பின் மூக்கு என்ற இன்னொரு காட்சி முனை மூடுபனி இல்லாத நாளில் மட்டும்.

அவலாஞ்சிப் பக்கம் என்ன இருக்கிறது?

அங்கே ஏரி, சோலைக்காடு, அமைதி மூன்றும் இருக்கும். உள்காட்டுக்குள் சொந்த வண்டி போகாது, வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். வழியில் எம். பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம் இருக்கிறது. வார நாளில் போனால் நாம் மட்டும்தான் இருப்போம்.

முத்தோரையில் வண்டியை நிறுத்தச் சொல்வேன். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் முடித்தது. ஏன் சரிவில்? ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சரிவும் வடக்கு தெற்காக அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர முடியும். பொருத்தமான மலையைத் தேடி இந்தியா முழுக்க அலைந்தவர்களுக்கு அது இங்கே கிடைத்தது என்பதில் எங்களுக்குப் பெருமை. உள்ளே போக முன் அனுமதி வேண்டும்.

கோத்தகிரியில் பார்க்க அதிகம் இல்லை என்கிறார்களே?

ஊட்டியை விட எனக்குக் கோத்தகிரி பிடிக்கும். கோடநாடு காட்சி முனையில் நின்றால் கீழே மாயாறு வெள்ளி நூல் மாதிரி தெரியும், எதிரே ரங்கசாமி மலை. கன்னேரிமுக்கில் சல்லிவன் நினைவகம். லாங்வுட் சோலையில் கால் வைத்ததும் வெப்பநிலை இறங்குவதைத் தோலில் உணரலாம். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழா. பேரகணி நோக்கி வெள்ளை உடையில் படகர்கள் நடந்து போகும் காட்சிக்காகவே அந்த மாதம் வரலாம். ஊர்வலத்துக்குக் குறுக்கே போகாமல் ஓரமாக நின்று பாருங்கள்.

முதுமலைக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும், அலுப்பாக இருக்கும். கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, உள்ளூர் வண்டிதான் எடுக்க வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கிச் சூடேறி விபத்தான வண்டிகள் நிறைய. கூடலூர் வழி தூரம் அதிகம், ஆனால் நிதானமான பாதை. குழந்தைகள் இருந்தால் ஓர் இரவு மசினகுடியில் தங்குங்கள்.

இ-பாஸ் வேண்டுமா?

சொந்த வண்டி, வாடகை வண்டி எதில் வந்தாலும் வேண்டும். 2024 மே 7 முதல் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் எடுக்கலாம். கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள், ஆகவே தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டும் முன் பாஸ் கிடைக்கிறதா பாருங்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

தண்ணீர் பாட்டில்?

பிளாஸ்டிக் பாட்டில் மாவட்டத்துக்குள் தடை. சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள், நிரப்பிக்கொள்ள வழியில் குடிநீர் இயந்திரங்கள் உண்டு.

காட்டுக்குள் ட்ரெக்கிங்?

வனத்துறை அனுமதித்த பாதைகளில் மட்டும், ஆன்லைனில் பதிவு செய்து. ஊட்டிக்குப் பக்கத்தில் கெய்ர்ன் ஹில் புதியவர்களுக்கு ஏற்றது. எனக்கு ஒரு ரகசிய வழி தெரியும் என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

நடக்கும்போது விலங்கு வருமா?

காட்டெருமை வரும். வீட்டு மாடு போல அசையாமல் புல் மேயும், அதை நம்பிச் செல்பி எடுக்கப் போகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் பேசாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். தேயிலைத் தோட்டத்தில் மாலை ஆறுக்கு மேல் நான் யாரையும் கூட்டிப்போவதில்லை. கரடி, சிறுத்தை நடமாட்டம் உண்டு.

நல்ல வழிகாட்டியை எப்படி அறிவது?

நடக்கும் வழியைக் கேளுங்கள், விவரமாகச் சொல்ல வேண்டும். கட்டணத்தை முதலிலேயே பேசிவிட வேண்டும். எந்தக் கடைக்குக் கூட்டிப்போவீர்கள் என்றும் கேளுங்கள். கமிஷன் தரும் சாக்லேட் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்துவது இந்தத் தொழிலில் பழைய நோய். நான் கடைகளில் கமிஷன் வாங்குவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

கடைசியாக 2018. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030.

என்ன உடை எடுத்து வர வேண்டும்?

மே மாதமானாலும் ஸ்வெட்டர். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் உப்பு கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும், அப்போது குல்லாவும் கையுறையும். ஜூலையில் குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். மழைக்கோட்டுதான் சரி.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

தேயிலை, மலைப்பூண்டு, தைலம். தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நீலகிரி தைலம் என்று ஊர்ப் பெயரோடு அது ஒட்டிக்கொண்டதே ஒரு தனிக் கதை.

எல்லாவற்றுக்கும் மேல் வர்க்கி. நடையின் கடைசியில் பஜாருக்குள் விறகு அடுப்பில் சுடும் ஒரு பேக்கரிக்குப் போவோம். மைதாவோடு மாவா என்ற புளித்த மாவைக் கலந்து, கொழுப்புத் தடவி மடித்து மடித்து, கையால் கிள்ளித் தட்டில் வைப்பார்கள். அதனால்தான் ஒரு வர்க்கி மாதிரி இன்னொன்று இருக்காது. அடுப்பைத் திறக்கும்போது வரும் வாசனையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. சூடாக ஒன்றை எடுத்து டீயில் பாதி முக்கி, கரைந்து விழுவதற்குள் வாயில் போடுங்கள். வாங்கிப் போவதாக இருந்தால் நன்றாக ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள், கீழ்நாட்டு ஈரக்காற்றுப் பட்டால் ஒரே நாளில் நமத்துவிடும்.